சேற்றில் ஒரு துறை

சென்ற கார்த்திகையில் எங்கள் நெமிலிப் பக்கத்து ஏரி ஒன்று நிரம்பிக் கோடி போயிற்று. ஊரெல்லாம் திரண்டு வேடிக்கை பார்க்கச் சென்றது. அந்த வாரத்திலேதான், பரிசலிலிருந்து மீன் கூடையுடன் இறங்கிய ஓர் அம்மாள் முழங்கால் சேற்றில் கால் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருடைய பேரன் என் வகுப்பு மாணவன். நான்கு நாள் வராதிருந்து ஐந்தாம் நாள் வந்தவன் என்னைக் கேட்டான்: "ஸார், சேற்றில் இறங்காமல் கரையேற ஒரு துறை கட்ட முடியாதா?"

கணக்கும் பௌதிகமும் கற்பிக்கும் எனக்கு அதைவிடத் தக்க பாடம் ஏது? அன்று மாலையே வகுப்பு முழுவதும் ஏரிக்கரைக்குச் சென்றது.

கல்லும் மண்ணும் கொட்டி ஜலத்துக்குள் ஒரு மேடு போட்டுவிடலாம் என்பது பிள்ளைகளின் முதல் யோசனை. பார்வைக்கு எளிதுதான், ஆனால் ஜலத்தின் வழியை மறித்தால் என்ன நேரும் என்பதற்குச் சென்னைக் கடற்கரையே சாட்சி. அங்கே சரக்கு இறக்குவதற்காக 1861-ல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு நீண்ட மேடை எழுந்தது. 1868, 1872 ஆம் ஆண்டுகளின் புயல்கள் அதைச் சிதைத்தன என்பது உண்மையே. எனினும் அது நின்றவரையில் அலையும் மணலும் தூண்களினூடே புகுந்து சென்றன. பின்னர், 1870-களில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் போடத் தொடங்கினார்கள். கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் சுவரில் தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது. இன்று நாம் காற்று வாங்கும் மெரீனாவின் அகலம் அப்படி வந்தது. வடக்கே இராயபுரத்துப் பக்கத்திலோ கடல் கரையை அரித்தது.

ஏரியில் அத்தகைய அலை இல்லையே என்பீர்கள். ஆனால் கொட்டுகிற மண் அத்தனையும் ஜலம் நிற்கும் இடத்தை அடைக்கும். மேலும், இன்று துறைக்கென்று கொட்டிய மேட்டில் நாளை ஒரு கொட்டகை எழும்; மறு வருஷம் அதற்கு ஒரு பட்டாவும் கேட்பார்கள். ஆகவே தூண் நட்டுப் பலகை பரப்புவதே சரி என்று தீர்மானித்தோம்.

தூண் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்? ஒரு கடப்பாரையைக் குத்திப் பார்த்தோம். இரண்டடி சேறு, அதன் கீழே கெட்டி மண். சேறு எதையும் தாங்காது. கெட்டி மண்ணுக்குள் இறங்கும் பகுதி, அதற்கு மேல் நிற்கும் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும் என்று கணக்கிட்டோம். சேற்றிலும் மணலிலும் இரும்புத் தூணைத் திருகாணி போல முறுக்கி இறக்கும் உபாயத்துக்கு 1833-ல் காப்புரிமை பெற்றவர் அலெக்ஸாண்டர் மிட்செல் என்ற ஐரிஷ்காரர். அவர் கண்பார்வை இழந்தவர். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கடப்பாரையைக் கண்ணை மூடிக்கொண்டு குத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்!

மரம் எது? சவுக்கு மலிவு, வைரம் பாய்ந்த பனை உறுதி. எதுவானாலும் எப்போதும் ஜலத்தில் மூழ்கியிருக்கும் பகுதி எளிதில் மக்காது. காற்றில்லாத இடத்தில் பூஞ்சைக்கு வாழ்வில்லை. வெனிஸ் நகரத்து மாளிகைகள் சேற்றில் புதைத்த மரத்தூண்களின் மேல் நூற்றாண்டுகளாக நிற்பது இதனால்தான். நனைவதும் உலர்வதுமாக இருக்கும் நீர்மட்டத்திலேயே மரம் முதலில் உளுக்கும். ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய இடம் அது. பலகைகளுக்கிடையே விரல் அகலம் இடைவெளி விட்டால் மழைநீர் தேங்காது. தூண்களைக் குறுக்குச் சட்டங்களால் பெருக்கல் குறி போலப் பிணைத்தால் மேடை ஆடாது. ஒன்று மட்டும் கூடாது: ஏரியின் கரையைத் தோண்டித் தூண் நடுவது. அந்தத் துளை வழியே ஜலம் கசியத் தொடங்கினால் கரையே உடையும்.

இவ்வளவும் வரைந்து முடித்து, நூறடி நீளத்தில் ஒரு துறை என்று பெருமையோடு ஒரு முதிய மீனவரிடம் காட்டினேன். அங்கே ஏரியின் தரை ஐம்பதடிக்கு ஓரடி சரிகிறது, சுமை ஏற்றிய பரிசல் தட்டாமல் நிற்க இரண்டடி ஜலம் வேண்டும், ஆகவே நூறடி.

அவர் சிரித்தார். "வாத்தியாரய்யா, கோடி போற பத்து நாளைக்கா துறை? மாசியிலே தண்ணி எங்கே நிக்கும்னு பார்த்தீங்களா?"

மாசியில் ஜலம் மூன்றடி இறங்கிவிடும். அப்படியானால் கரை நூற்றைம்பதடி உள்ளே போகும். என் துறையின் முனை உலர்ந்த தரையில் நிற்கும். பட்டம் பெற்ற எனக்கு இது தோன்றவில்லை. பழைய வரத்துக்கால் ஓடிய பள்ளத்தை அவர் காட்டினார். அங்கே பத்தடிக்கு ஓரடி சரிவு. ஐம்பதடி நீளமே போதும். முனையில் ஐந்தடி ஆழம். மாசியிலும் இரண்டடி மிஞ்சும். "கடைசி இருபதடியைப் படி படியா இறக்கிடுங்க" என்றார். நிறைந்த ஏரியில் அப்படிகள் மூழ்கியிருக்கும். பரிசல் மோதாதபடி மூலைத் தூண்கள் மட்டும் உயர்ந்து நிற்கும். நம் முன்னோர் படித்துறை கட்டியதும் இதே நியாயத்தால்தானே?

நீர்வளத் துறையின் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். மரம் தருவதாகச் சிலரும், உழைப்புத் தருவதாகப் பலரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குடிமராமத்து என்ற பழைய சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னும் உயிர் இருக்கிறது.

விண்ணப்பத்தோடு இணைக்கும் வரைபடத்தை அந்தப் பேரனே மையில் தீட்டினான். திருத்த எடுத்துப் பார்த்தேன். நாங்கள் யாருமே நினைக்காத ஒன்றை அவன் சேர்த்திருந்தான்: துறையின் ஒரு பக்கம் நெடுக, படிகளின் கடைசி வரையில், ஒரு கைப்பிடி. திருத்த ஒன்றுமில்லை, மடித்து உறையில் வைத்தேன்.