இறக்கைக்கு ஒரு சட்டை

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் வரவா, செலவா என்றுதான் முதலில் தோன்றும். சின்ன மாடல் விமானம் செய்கிறவர்களோடு பழக ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் என்னைவிட மோசமான கணக்குப்பிள்ளைகள் என்று. ரூபாய்க்கு அல்ல ஸார், கிராமுக்கு!

அக்கா பையன் மூன்று வாரம் ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து, பால்ஸா கட்டையைச் சீவி, ஒட்டி, ரப்பரை முறுக்கிவிட்டால் பறக்கிற விமானம் ஒன்று பண்ணியிருந்தான். இறக்கை இரண்டடி. மீன் முள் மாதிரி அழகாக இருந்தது. பாக்கி, மேலே உறை போடுவதுதான்.

"மாமா, இஸ்திரி போட்டு ஒட்டற பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கு. சிவப்புல, பளபளன்னு. ஒரே சாயந்தரத்துல முடிஞ்சுடும்."

"எவ்வளவு வெயிட்டுடா?"

"ஃபிலிம்தானே மாமா, அதுக்கென்ன பெரிய வெயிட்டு?"

எனக்குள் கணக்குப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். இறக்கை 60 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம். மேலும் கீழும் சேர்த்து 1,200 சதுர சென்டிமீட்டர். அந்த ரக ஃபிலிம் சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிராம். ஆக, இறக்கைக்கு மட்டும் 7 கிராம். ஜப்பான் டிஷ்யூ காகிதமென்றால் சதுர மீட்டருக்கு 12 கிராம் வாக்கில். ஒன்றரை கிராமில் வேலை முடிந்தது. மேலே டோப் பூசினாலும் மூன்றைத் தாண்டுவது கஷ்டம். மொத்த விமானமே 30 கிராம். அதில் நாலு கிராம் அதிகம் என்றால், அறுபது கிலோ ஆசாமி எட்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற கதை.

ஃபிலிமைத் திட்டவில்லை. இன்ஜின் வைத்த நாலைந்தடி விமானத்துக்கு அதுதான் ராஜா. எரிபொருள் சிந்தினால் துடைத்துவிடலாம். சதுர மீட்டருக்கு 20, 30 கிராமில் லைட் ரகங்களும் உண்டு. ஆனால் ஃபிலிம் சூட்டில் சுருங்கும்போது மெல்லிய குச்சிகளைச் சேர்த்து இழுக்கும். இறக்கை அப்பளமாக முறுக்கிக்கொள்ளும். மூன்று வார ராத்திரி போச்சு.

இன்னொரு விஷயம். உறை வெறும் அலங்காரமில்லை. இறக்கைக்குப் பாதி பலம் அதுதான். ரைட் சகோதரர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1878-ல் அவர்கள் அப்பா வாங்கிவந்த பறக்கும் பொம்மை தக்கை, மூங்கில், காகிதத்தால் ஆனது. 1903-ல் நிஜ விமானத்துக்கு அவர்கள் போர்த்தியது பெண்கள் உள்ளாடை தைக்கிற மஸ்லின். (சிரிக்காதீர்கள்!) அதையும் நேராகப் போடாமல் 45 டிகிரி சாய்த்துப் போட்டார்கள். துணியின் இழைகளே குறுக்குச் சட்டம் மாதிரி இழுத்துப் பிடிக்கட்டும் என்று. டிஷ்யூவும் டோப்பும் சேர்ந்து செய்வது இதே காரியத்தைத்தான். ஃபிலிமுக்கு இந்த விறைப்பு அவ்வளவு வராது.

"சரி மாமா, காகிதமே போடறேன். எப்படின்னு சொல்லுங்க."

முதலில் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிழியும். இன்னொரு பக்கம் கோணல்மாணல். நேராகக் கிழிகிற திசை இறக்கையின் நீளவாக்கில் வர வேண்டும். சட்டத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, காகிதம் ஒட்டுகிற இடங்களில் இரண்டு கை டோப். கீழ்ப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. சின்னச் சுருக்கங்களைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒட்டிக் காய்ந்ததும் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்தால், கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டி மாதிரி தானே விறைத்துக்கொள்ளும். அதற்குமேல் பாதிக்குப் பாதி தின்னர் கலந்த டோப்.

டோப்பில் நாலைந்து சொட்டு விளக்கெண்ணெய் விடுவார்கள். பையன் நம்பவில்லை, நான் கிண்டல் பண்ணுவதாக நினைத்தான். நிஜம்தான்! டோப் காயக் காயச் சுருங்கிக்கொண்டே போகும், மொறமொறப்பாகும். விளக்கெண்ணெய் அதைக் கொஞ்சம் வளைந்துகொடுக்க வைக்கும். வயிற்றுக்கு மட்டுமா இளக்கம் வேண்டும்?

ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பூசுங்கள். சாமி அறைப் பக்கம் வேண்டாம். டோப் விளக்குச் சுடர் வரைக்கும்கூடப் பொறுக்காது, ஆவியே பற்றிக்கொள்ளும். தெர்மகோல் விமானத்துக்கு இதைப் பூசிவிடாதீர்கள். டோப் அதைக் கரைத்துச் சாப்பிட்டுவிடும்.

காயும்வரை இறக்கையைத் தட்டைப் பலகையில், அடியில் காற்றுப் போக முட்டுக் கொடுத்து, குண்டூசியால் பிடித்துவைக்க வேண்டும். இரண்டு பக்க இறக்கையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது முக்கியம். ஒன்று மட்டும் முறுக்கியிருந்தால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து தரையில் மூக்கைக் குத்தும். முறுக்கியே விட்டதென்றால் வைத்தியம் இருக்கிறது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஆவியில் இறக்கையைக் காட்டி, எதிர்ப்பக்கம் மெல்லத் திருகி, ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காப்பி அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.