ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அருவிக்குப் புறப்படுவோம்

விடுமுறை நெருங்கும்போதே நம் குடும்பங்களில் அருவிப் பேச்சு தொடங்கிவிடுகிறது. தென்காசி, நெல்லை மாவட்டங்களில் வாழ்வோருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை அருகிலேயே இருக்கிறது. பூமியில் பயணம் செய்து படைப்பைச் சிந்திக்குமாறு திருமறையும் நம்மை அழைக்கிறது. காட்டோடையின் கரைவழியே பிள்ளைகளுடன் நடந்து அருவியை அடைவது அத்தகைய சிந்தனைக்கு ஏற்ற ஒரு நாளே.

ஆயினும் நம் முன்னேற்பாடு பெரும்பாலும் வண்டி வாடகையோடும் பிரியாணிச் சட்டியோடும் முடிந்துவிடுகிறது. எஞ்சியவற்றைக் குறித்துக் கேட்டால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்கிறோம். அல்லாஹ்வே பாதுகாவலன் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, கட்டாமல் விட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்கப்பட்டபோது, கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறே நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். காட்டுப் பயணத்தில் நாம் கட்ட வேண்டிய ஒட்டகங்கள் பல உள்ளன.

முதலாவது, தண்ணீரைப் பற்றிய அறிவு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருக்கெடுத்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அருவியில் நிற்பவர் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கலாம். மழையோ மலையுச்சியில் பெய்துகொண்டிருக்கும். மாஞ்சோலையில் பெய்த மழை மணிமுத்தாறு அருவியில் வெள்ளமாக இறங்குவதை நெல்லை மக்கள் அறிவர். ஆகவே முந்தைய நாளே மலைப்பகுதியின் மழை நிலவரத்தை விசாரிக்க வேண்டும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, பொருள்களை எடுக்க நில்லாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லித்தர வேண்டும்.

இரண்டாவது, அனுமதி. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. வனத்துறை அனுமதிக்காத பாதையில் நுழைவதும், காட்டுக்குள் அடுப்பு மூட்டுவதும் வீரமல்ல. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் உள்ளன. முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்லலாம். உணவை வீட்டிலேயே சமைத்து எடுத்துச் செல்வோம்.

மூன்றாவது, தலைமை. மூவர் பயணம் புறப்பட்டாலே ஒருவரை அமீராக்கிக் கொள்வது சுன்னத். இருபது பேர் செல்லும் நம் குடும்பப் பயணத்தில் யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்பதே தெளிவாக இருப்பதில்லை. அமீராக இருப்பவர் முன்னால் விரைந்து செல்பவராக இருக்கலாகாது. நபி (ஸல்) அவர்கள் பயணங்களில் பின்தங்கி வந்து பலவீனர்களுக்குத் துணை நின்றார்கள். வாப்பும்மாவின் முழங்கால் எவ்வளவு தூரம் தாங்கும், கைக்குழந்தையுள்ள பெண் எங்கே அமர்வார், பெண்களுக்குக் கழிப்பிடமும் உடைமாற்றும் இடமும் எங்கே உள்ளன என்பவற்றை விசாரித்த பின்னரே இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஆண்கள் அருவிக்குச் செல்ல, பெண்கள் பைகளுக்குக் காவலிருக்கும் பயணம் குடும்பப் பயணமாகாது.

நான்காவது, தொழுகை. சுபுஹு தொழுததும் புறப்பட்டால் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். லுஹரை எங்கே தொழுவது என்பதை முன்னரே குறித்துக்கொண்டு, அஸருக்குள் காட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். தொலைவிலிருந்து வருவோர் கஸ்ர், ஜம்வு பற்றித் தத்தம் மத்ஹபின்படி ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம்.

இவை அனைத்தையும் செய்த பிறகும் ஒன்று எஞ்சுகிறது; அதுவே மிகக் கடினமானது. அது, திரும்பிவரும் துணிவு. ஷாம் நோக்கிப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தியைக் கேட்டு, உடனிருந்தோரிடம் ஆலோசித்துத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக விளக்கினார்கள். ஒரு பேரரசின் கலீஃபாவே பாதி வழியில் திரும்பினார் எனில், கொடுத்த வாடகை வீணாகிறதே, பிள்ளைகள் அழுகிறார்களே என்பதற்காக நாம் கலங்கிய ஓடையில் கால் வைப்பது முறையாகுமா?

சோதனைச் சாவடியில் "இன்று அனுமதியில்லை" என்று கேட்க நேர்ந்தால், வாதாடாமல், குறுக்கு வழி தேடாமல், மரநிழல் உள்ள வேறோர் இடத்தில் அமர்ந்து உண்டு, தொழுது, வீடு திரும்புவோம். அருவி அடுத்த ஆண்டும் விழும். அதைக் காணப் பிள்ளைகள் நம்முடன் இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.