அண்ணத்தில் ஒரு கட்டி

புகையிலை போடாதவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் வராது என்று ராதாபுரம் பக்கம் இன்னும் நம்புகிறார்கள். சுவரொட்டிகளும் முகாம்களும் அப்படிப் பழக்கிவிட்டன. என் மதினி வெற்றிலைகூடப் போட்டதில்லை. மேலண்ணத்தில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு வீக்கம். வலியில்லை, புண்ணில்லை. "பல்செட் சரியா உக்காரல" என்றுதான் முதலில் சொன்னார். சூடு, பதநீர் குடி என்றது ஊர். காட்டிய இடத்தில் பல்செட்டைத் தேய்த்துக் கொடுத்தார்கள். பிறகு ஆன்டிபயாடிக், மூன்று தடவை. பதினோரு மாதம் கழித்து, கன்னமும் மேலுதடும் மரத்த பிறகுதான் சதை எடுத்துப் பார்த்தார்கள். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் புற்று.

காதோரம், தாடைக்கடியில், நாக்கடியில் இருக்கும் மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் போக, வாய்க்குள் 600 முதல் 1,000 வரை பொடிச் சுரப்பிகள் உண்டு. அண்ணத்தில் நிறைய. காதோரச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை; இந்தப் பொடிச் சுரப்பிகளில் வருபவற்றில் ஏறக்குறையப் பாதி புற்று. மதினிக்கு வந்த வகை மெதுவாக வளரும், நரம்பைப் பிடித்துக்கொண்டு ஓடும். மரத்துப்போனது அதனால்தான்.

"அரிய நோய், யாருக்குத் தெரியும்?" என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். நோயின் பெயர் தெரிய வேண்டாம். மூன்று வாரத்தில் கரையாத கட்டியைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பத் தெரிந்தால் போதாதா? மரக்க ஓர் ஊசி, ஒரு துண்டு சதை, ஒரு ஃபார்மலின் பாட்டில். எந்த ஊரில் கிடைக்காது?

துண்டு மிகச் சின்னதாக இருந்தால் சாதாரணக் கட்டியும் புற்றும் ஒன்றுபோலத் தெரியலாம். சந்தேகமென்றால் கண்ணாடிச் சில்லையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி இன்னொரு நிபுணரிடம் காட்டுங்கள். 1954 முதல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலில் சில்லு பயணம் போகட்டும், நோயாளி பிறகு போகலாம். கத்தி பட்டால் பரவும் என்ற பயம் நம் வீட்டுப் பங்கு. அந்தப் பேச்சிலேயே மதினிக்கு இரண்டு மாதம் போனது.

இந்த வகை பத்து வருஷம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். மதினி இப்போதும் தவறாமல் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறார்.

போன மாதம் ஒரு முகாமில் நானும் வரிசையில் நின்றேன். "புகையிலை உண்டா சார்?" "இல்லை." "அப்ப நீங்க போகலாம்." வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை.