நட்டவர் போனபின் நாற்றைக் காப்பவர் யார்?

நாற்றை நட்டவுடன் விளைச்சல் வந்துவிட்டதென்று எந்த உழவனும் எண்ணுவதில்லை. நீர் பாய்ச்சுகிறான், களை எடுக்கிறான், பயிர் வேரூன்றும் வரை கண்ணயர மறுக்கிறான். என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையும் அத்தகையதே. வைத்தியர் நடுகிறார், வீட்டார் காக்கின்றனர்.

எலும்பினுள் இருக்கும் மச்சையே குருதியின் ஊற்று. 1957ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ் பிறருடைய மச்சையை நோயாளர் சிலரின் நாளத்துள் செலுத்தினார். அவர்களுள் எவரும் நெடுநாள் வாழவில்லை. எனினும் அவர் தளர்ந்தாரல்லர். 1990இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1983இல் மும்பையிலும் 1986இல் வேலூரிலும் இச்சிகிச்சை தொடங்கியது. நம் நாட்டில், மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் இது நடைபெறுகிறது. முற்றும் பொருந்தும் உடன்பிறப்புக் கிடைக்காவிடில், பாதி பொருந்தும் பிள்ளையே பெற்றவருக்கு மச்சை வழங்கலாம் என்னும் நிலையும் வந்துவிட்டது. விஞ்ஞானத்தின் இவ்வெற்றியைப் போற்றுகிறோம்.

ஆனால், அந்தத் தந்தை வீடு திரும்புகிறாரே, எந்த வீட்டுக்கு?

முதல் 100 நாட்கள் கண்டம் நிறைந்தவை. நோயை எதிர்க்கும் ஆற்றல் முழுமையாகத் திரும்ப ஓராண்டும் ஆகலாம்; அதற்கு மேலும் ஆகலாம். குழந்தைப் பருவத்திற் போட்ட தடுப்பூசிகளையும் மீண்டும் போட வேண்டும். கொதித்தாறிய நீர், நன்கு வெந்த உணவு, தனியறை, தூய கழிப்பிடம், புகையும் பூஞ்சணமும் அற்ற காற்று இவையெல்லாம் வேண்டும். உடற்சூடு 38 பாகை செல்சியசை எட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரிடம் விரைய வேண்டும்.

பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் உள்ள லயக் காம்பராக்களை அறிந்தவர்களே, சொல்லுங்கள்! விறகுப் புகை சூழ்ந்து, மழைக்கு ஒழுகும் ஒற்றை அறையில் தனியறையை எங்கே தேடுவது? அருகிருந்து காக்கும் மகளுக்கு அன்றைய பேர் விழாது. பேர் விழாவிடில் கூலி இல்லை. தந்தையின் உயிரா, பிள்ளைகளின் சோறா என்று அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எந்த நீதி?

பதுளைக்கும் மஹரகமைக்கும் இடையே 200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட மலைப்பாதை. 2025 நவம்பரில் டித்வாப் புயல் தாக்கியபோது மலைகள் சரிந்தன, பாதைகள் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாளில் காய்ச்சல் கண்ட நோயாளி எங்கே போவார்?

“இந்நோய் எத்தனை பேருக்கு? சிலருக்காக இவ்வளவு ஏற்பாடா?” என்று கேட்போர் உளர். சிலருக்கென அமைக்கும் தூய அறை, சிறுநீரக நோயாளிக்கும் உதவும். பிள்ளை பெற்ற தாய்க்கும் உதவும். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1912இலேயே அந்நிய ஆட்சி சட்டம் இயற்றியது. நூறாண்டு கடந்த பின்னர் நாம் கேட்பது சலுகையன்று. அந்தக் கடமையின் தொடர்ச்சியே.

நாம் வேண்டுவன நான்கு. பதுளைப் பெரியாசுபத்திரியின் அருகே, இத்தகைய நோயாளரும் துணையாளும் தங்கச் சில தூய அறைகள். குருதிப் பரிசோதனையும் காய்ச்சலுக்கான முதற் சிகிச்சையும், மஹரகம வைத்தியரின் ஆலோசனையுடன், பதுளையிலேயே கிடைக்க வழி. அறிவுரைகள் யாவும் தமிழில். துணையிருக்கும் பிள்ளைக்கு முதல் 100 நாட்களுக்கேனும் கூலியுடன் விடுப்பு.

கற்றோருக்கும் இதில் கடமை உண்டு. வைத்தியர்கள் அறிவுரைகளை எளிய தமிழில் எழுதித் தரட்டும். வழக்கறிஞர்கள் விடுப்புக் கோரிக்கையை வரைந்து தரட்டும். அயலாரும், தடிமனோ காய்ச்சலோ இருக்கையில் நலம் விசாரிக்கச் செல்லாதிருக்கட்டும். அன்பு சில வேளை வாசலோடு நிற்பதே நன்று.

தன் மச்சையையே தந்தைக்கு ஈய முன்வரும் பிள்ளைகள் நம் மலைகளில் உண்டு. அவர்களுக்கு ஓர் அறையும் 100 நாட் கூலியும் கொடுக்க இந்த நாட்டால் இயலாதா? தோட்ட நிருவாகங்களும் அரசும் விடை கூறட்டும்!