மனு கொடுத்தவள் வெளியே, தீர்ப்பு உள்ளே!

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய்மாரையும், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் உழைக்கும் சகோதரிகளையும் நாம் அறிவோம். அவர்கள் கூலியில் உலை கொதிக்கும் வீடுகள் எத்தனையோ! அந்தக் கையை முறுக்குகிற கணவன்மாரும் இருக்கிறார்கள். 'அது அவர்கள் வீட்டு விவகாரம்' என்று நகர்ந்துவிடுவது உழைப்பாளி இயக்கத்துக்கு அழகாகுமா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முஸ்லிம் வீட்டில்தான் அடி விழுகிறது என்று தூற்றித் திரிவோருக்கு நாம் துணைபோக மாட்டோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். எல்லா மதத்தாரையும் சேர்த்த கணக்கு அது. நோய் பொதுநோய்தான். அதற்காக நம் தெருவில் படுத்திருப்பவருக்கு மருந்து வேண்டாமா?

'மார்க்கம் அனுமதிக்கிறது' என்பான் அடிக்கிறவன். நபிகள் நாயகம் எந்தப் பெண்ணையும் கைநீட்டி அடித்ததில்லை என்று ஆயிஷா அம்மையாரே கூறியதாக ஹதீஸ் இருக்கிறது. அப்படியானால் இவன் நடப்பது யார் வழி? மணமகன் மஹர் கொடுக்கவேண்டும் என்கிறது மார்க்கம். பெண் வீட்டாரிடம் கைக்கூலி வாங்கச் சொன்னது யார்? வாங்கியது போதவில்லை என்று தொடங்கும் பேச்சல்லவா பல வீடுகளில் அடியாக முடிகிறது!

அடிபட்டவள் எங்கே போவாள்? ஜமாஅத்துக்கு மனு போகிறது. முத்தவல்லியும் பெரியவர்களும் கூடுகிறார்கள். கணவன் நேரில் நின்று பேசுகிறான். மனைவிக்காகத் தகப்பனோ அண்ணனோ பேசவேண்டும். பல ஊர்களில் அவளுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. இதற்குப் பெயர் நியாயமா? இப்படிக் கேட்டுத்தான் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானமும் அவரோடு நின்ற பெண்களும், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், முஸ்லிம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை அமைத்தார்கள். ஏச்சும் எதிர்ப்பும் வந்தன. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி நிற்கிறது.

சட்டமும் இருக்கிறது. 2005-இல் இயற்றிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ளது. அது மதம் பார்ப்பதில்லை. பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். அடிக்காதே என்ற உத்தரவு, குடியிருந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். பாதுகாப்பு உத்தரவை மீறுகிறவனுக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. மணவிலக்கான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டப்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது.

'இதனால் குடும்பம் சிதறும்' என்கிறார்கள். அச்சத்தைக் கட்டிவைத்த கயிற்றைக் குடும்பப் பாசம் என்று அழைக்கலாமா? அடி நின்றால்தான் குழந்தை தகப்பன் முகத்தை அஞ்சாமல் பார்க்கும், குடும்பமும் நிலைக்கும்.

தோழர்களே! பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் கதவைத் தட்டுங்கள். 181 என்ற எண்ணை ஒவ்வொரு தாய்க்கும் சொல்லிக்கொடுங்கள். ஜமாஅத்தில் உறுப்பினராயுள்ள தோழர்கள், குடும்ப வழக்கு வரும் நாளில் பெண்ணும் நேரில் பேசவேண்டும், விசாரிப்போரில் பெண்களும் இருக்கவேண்டும் என்று எழுந்து கேளுங்கள். உங்கள் மகன் திருமணத்தில் கைக்கூலி வாங்காதீர்கள். யாவற்றுக்கும் முன்னதாக, கூலிக்காக முதலாளியை எதிர்த்து உயர்த்திய கை, வீட்டுக்குள் மனைவிமேல் ஓங்கப்படாதிருக்கட்டும்!