ஓடினால் போதுமா? நிற்க வேண்டாமா?

பழைய லாரிக்கு என்ஜின் தேடுவோரின் கால்கள் தானாகவே புதுப்பேட்டைக்குப் போகும். "சேசிஸ் கல்லு மாதிரி இருக்கு முதலாளி! புது மாடல் என்ஜின் போட்டா பறக்கும்" என்பது பட்டறைப் பேச்சு.

பறக்கும், சரி. அப்புறம்?

'காமன் ரெயில்' என்ஜினுக்கு கம்ப்யூட்டர், சென்சார் எல்லாம் வேண்டும். பாதி வழியில் மக்கர் செய்தால் வெறும் ஸ்பானர் உதவாது. அதே கம்பெனியின் பழைய பம்பு என்ஜினே பல வண்டிகளுக்குப் பொருத்தம்.

எதைப் போட்டாலும் பில் வேண்டும், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சும்மா இல்லை!

இழுவை கூடினால் கியர் பாக்சும் கிரவுனும் தாங்க வேண்டும். வேகம் கூடினால் பிரேக்?

லோடோடு இறக்கத்தில் "பிரேக் பிடிக்கலே!" என்று டிரைவர் அலறும்போது புது என்ஜின் யாரைக் காப்பாற்றும்?

முதல் செலவு பிரேக்குக்கு. என்ஜின் அப்புறம்!