முறை கிடைத்தவரே வளர்வர்

திரையில் ஆடப்படும் விளையாட்டுகளைப் பற்றிப் பெற்றோர் கவலை கொள்வது இயல்பே. கண் களைக்கிறது, உறக்கம் குறைகிறது, பாடநூல் மூடியபடியே கிடக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனமும், கட்டுப்பாட்டை மீறிய விளையாட்டுப் பழக்கத்தை ஒரு கோளாறு எனத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடைமுறைக்கு வந்தது. எனவே, பெரியோரின் கவலையை வெறும் அச்சம் என்று தள்ளிவிட இயலாது.

ஆயினும், எல்லா விளையாட்டுகளையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. விரல் வேகத்தை மட்டும் கேட்கும் ஆட்டங்கள் உண்டு. பொறுமையையும் சிந்தனையையும் கேட்கும் ஆட்டங்களும் உண்டு. ஒரு குழுவை வழிநடத்தி, முறை வைத்து ஆடும் கதை விளையாட்டுகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அளவோடும் துணையோடும் ஆடினால், அவை ஓர் அரிய உண்மையை உணர்த்தும். முறை கிடைத்தவரே வளர்வர் என்பதே அவ்வுண்மை.

ஆட்டத்தின் அமைப்பு

இவ்வகை விளையாட்டில் ஆடுபவர் ஒரே வீரனாக அல்லாமல், ஒரு குழுவின் தலைவராக விளங்குகிறார். அக்குழுவில் வாள் ஏந்திய வீரன் இருப்பான். நெருப்பையும் மின்னலையும் ஏவும் மந்திரவாதி இருப்பான். காயத்தை ஆற்றும் மருத்துவர் இருப்பார். பூட்டிய கதவைத் திறக்கும் ஒற்றனும் இருப்பான். ஒவ்வொருவருக்கும் ஒரு வலிமை உண்டு. ஒரு குறையும் உண்டு.

பகைவர் எதிர்ப்படும்போது இரு தரப்பினரும் முறை வைத்துப் போரிடுவர். தாக்குவதா, தற்காப்பதா, மருந்து கொடுப்பதா, பின்வாங்குவதா என்று ஒவ்வொரு வீரனுக்கும் ஆடுபவர் கட்டளை இடவேண்டும். முழுமையாக முறை வைத்து நடக்கும் ஆட்டத்தில், அவர் கட்டளை இடும்வரை பகைவரும் அசைவதில்லை. விரலின் வேகத்தால் இங்குப் பயன் இல்லை. எண்ணித் துணிபவரே வெல்வர்.

இவ்விளையாட்டு கணினியில் பிறந்ததன்று. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். தாள், எழுதுகோல், பகடை ஆகியவையே அதற்குப் போதும். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர் ஆளுக்கொரு கதைமாந்தராக ஆடுவர். 1981இல் வெளிவந்த 'விசார்ட்ரி' அத்தகைய குழுவைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. அதில் ஆறு பேர் வரை இடம்பெறலாம். 1987இல் சப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டசி', ஆறு வகை வீரரிலிருந்து நால்வரைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. 1996இல் தோன்றிய 'போக்கிமான்' இம்முறையை உலகெங்கும் உள்ள சிறுவரிடம் கொண்டுசேர்த்தது.

தமிழர் அறிந்த ஆட்டமுறை

முறை வைத்து ஆடுவதும், குழுவாக வெல்வதும் தமிழர்க்குப் புதியன அல்ல. ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரு பக்கம் மூன்று புலிகள். மறுபக்கம் பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கோ வெட்டும் உரிமையே இல்லை. தனித்து நிற்கும் ஆடு இரையாகிவிடும். ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, ஒன்றுக்கொன்று அரணாக நிற்கும் ஆடுகள் மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிடும். வலிமை குறைந்தோரின் ஒற்றுமையைக் காட்ட இதனினும் எளிய ஆட்டம் வேறு வேண்டுமோ?

சதுரங்கம் என்னும் பெயரும் யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையையே குறிக்கிறது. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு, முறையும் குழுவும் இணையும் ஆட்டத்துக்கு நல்ல சான்றாகும். அங்கு ஓர் அணியில் ஐவர் இடம்பெறுவர். ஒவ்வொரு சுற்றிலும் நால்வர் ஆட, ஒருவர் ஓய்வில் இருப்பார். நால்வரின் ஆட்ட முடிவும் சேர்ந்தே அணியின் வெற்றியை முடிவு செய்யும். பொதுப் பிரிவில் வெண்கலம் வென்ற இந்தியாவின் இரண்டாம் அணியில் தமிழ்நாட்டின் குகேசு, பிரக்ஞானந்தா, அதிபன் ஆகியோருடன் கேரளத்தின் நிகால் சரினும் மராட்டிய மாநிலத்தின் ரவுனக் சாத்வானியும் இருந்தனர். ஒருவர் மட்டும் எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் அப்பதக்கம் கிட்டியிருக்காது.

ஓரத்தில் நிற்பவர் நிலை

குழு விளையாட்டுகளில் 'அனுபவப் புள்ளி' என்று ஒன்று உண்டு. போரில் பங்கேற்றவருக்கு அப்புள்ளி கிடைக்கும். அது பெருகப் பெருக, அவர் வலிமையில் அடுத்த நிலைக்கு உயர்வார். தொடக்க காலப் போக்கிமான் ஆட்டங்களில், களத்தில் இறங்காத உயிரிக்குப் பொதுவாக அனுபவப் புள்ளி கிடைப்பதில்லை.

புதிதாக ஆட வருபவர் இங்குத்தான் தவறுகிறார். தம் ஆறு உயிரிகளுள் வலிமை மிக்க ஒன்றையே மீண்டும் மீண்டும் களத்துக்கு அனுப்புகிறார். அது வென்றுகொண்டே இருக்கிறது. மேலும் வலிமை பெறுகிறது. மற்ற ஐந்தும் தொடங்கிய நிலையிலேயே தேங்கி நிற்கின்றன. அந்த ஒன்று நெருப்பு வகையைச் சேர்ந்தது என்று கொள்வோர், நீர் வகைப் பகைவன் எதிர்ப்படும்போது என்ன நேரும் என்பதை எளிதில் உணர்வர். நெருப்பு தளர்கிறது. உதவிக்கு அழைக்கப்படும் மற்றவையோ நிற்கவும் வலிமையற்றவை. அவை திறமையற்றுப் பிறந்தவை அல்ல. அவற்றுக்கு எவரும் முறை கொடுக்கவில்லை.

மருத்துவரின் நிலையும் இதுவே. ஃபைனல் ஃபேன்டசியில் வரும் வெள்ளை மந்திரவாதி பகைவரைத் தாக்குவதில் வல்லவர் அல்லர். 'இவர் எதற்கு?' என்று தொடக்கத்தில் தோன்றும். நெடிய குகையின் நடுவில், வாள்வீரன் காயமுற்றுத் தள்ளாடும்போதே அவருடைய அருமை விளங்கும்.

வகுப்பறையிலும் இக்காட்சியைக் காணலாம். குழுச் செயல்பாடு என்று ஆசிரியர் அறிவித்தவுடன், நன்கு எழுதும் ஒருவரே அனைத்தையும் எழுதுவார். நன்கு பேசும் ஒருவரே மேடையில் பேசுவார். மதிப்பெண் குழுவுக்குக் கிடைக்கும். வளர்ச்சியோ அவ்விருவரோடு நின்றுவிடும். அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவருக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்வதற்கு முன், அவருக்கு எத்தனை முறை வாய்ப்பு அளிக்கப்பட்டது என்று கேட்பதே அறிவுடைமை.

பொம்மைகளும் நண்பர்களும்

இங்கு ஒரு வலுவான மறுப்பு எழக்கூடும். திரையில் உள்ள வீரர்கள் வெறும் பொம்மைகள்; இட்ட கட்டளைக்குப் பணிபவர்கள். அவர்களுக்குக் கோபம் வராது. மாற்றுக் கருத்தும் இராது. நால்வர்க்கும் ஒருவரே கட்டளை இடும் ஆட்டத்தில் கூடி வாழும் பண்பை எவ்வாறு கற்பது? இது நேர்மையான வினா. அறைக் கதவை மூடிக்கொண்டு பல மணி நேரம் தனித்து ஆடுபவர், குழுவை வழிநடத்துவதாக எண்ணினாலும் தனிமையிலேதான் இருக்கிறார்.

இதற்கு விடை அவ்விளையாட்டின் தொடக்கத்திலேயே உள்ளது. அது மேசையைச் சுற்றி அமர்ந்த நண்பர்களுக்காகப் பிறந்தது. அவ்வாறே அதனை மீண்டும் ஆடலாம். திருவனந்தபுரத்தில் பருவமழை பெய்யும் மாலைகளில் திடல்கள் நீர் நிறைந்து கிடக்கும்; குடியிருப்புச் சிறுவர் வீட்டுக்குள் முடங்குவர். அத்தகைய மாலையில் நான்கு பேர் ஒரே திரையின் முன் அமர்ந்து, குழுவின் நான்கு வீரரை ஆளுக்கு ஒருவராகப் பகிர்ந்துகொள்ளலாம். பகைவன் காத்திருப்பான், எனவே கலந்து பேச நேரம் உண்டு. 'இருக்கும் ஒரே மருந்தை யாருக்குக் கொடுப்பது?' என்னும் வினாவுக்கு இப்போது நான்கு விடைகள் வரும். விட்டுக்கொடுத்தலும் எடுத்துரைத்தலும் அங்கே தொடங்கும். விரல் வேகம் தேவையில்லாததால், வீட்டில் உள்ள பாட்டியும் ஒரு வீரனை ஏற்று ஆடலாம்.

கால அளவைப் பொறுத்தும் இவ்விளையாட்டு ஓர் உதவி செய்கிறது. ஆடுபவர் கட்டளை இடாதவரை ஆட்டம் நகராது. எட்டிய இடத்தைச் சேமித்து வைக்கவும் வழி உண்டு. ஆகவே, 'இப்போது நிறுத்த முடியாது' என்னும் சாக்கு இதற்குப் பொருந்தாது. எவ்வளவு நேரம் என்பதைத் தொடங்கும் முன்னரே முடிவு செய்வது நன்று. வயதுக்கு உரிய ஆட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். காத்திருக்காமல் முன்னேறப் பணம் கேட்கும் ஆட்டங்களை அறவே விலக்க வேண்டும். சிந்தனையால் பெற வேண்டியதைக் காசால் வாங்கினால் அங்கே கற்பதற்கு ஒன்றும் எஞ்சாது.

நான்கு மொழிகளும் ஒரு குழுவே

தும்பாவில் உள்ள விண்வெளி மையத்திலும், கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டெக்னோபார்க்கிலும், சாலைக் கடைத்தெருவிலும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளிடம் வேறொரு குழுவும் உள்ளது. அது அவர்களின் மொழிக்குழு. வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் முறை பெறுகின்றன. தெருவிலும் பேருந்திலும் மலையாளம் முறை பெறுகிறது. ஒவ்வொன்றும் நாள்தோறும் களமிறங்கி அனுபவப் புள்ளி சேர்க்கிறது. இது பெருமைக்கு உரியதே. எந்த மொழியையும் குழுவிலிருந்து நீக்கத் தேவையில்லை.

ஆனால், தமிழுக்கு எப்போது முறை வருகிறது? 'சாப்பாடு வேண்டும்', 'தூக்கம் வருகிறது' என்னும் அளவில் அது நின்றுவிட்டால், அனுபவம் பெறாத வீரனைப் போலத் தொடக்க நிலையிலேயே தேங்கும். பின்னர் ஒருநாள் ஊரிலிருந்து தாத்தா எழுதிய மடலைப் படிக்க நேரும்போதோ, உறவினர் கூடிய அவையில் நான்கு சொல் பேச நேரும்போதோ, அது துணைக்கு வரத் தயங்கும். அப்போது தமிழ் கடினமான மொழி என்று குறை கூறுவது, களத்துக்கே அனுப்பாத வீரனைக் கோழை என்று பழிப்பதற்கு ஒப்பாகும்.

தமிழுக்கு முறை கொடுப்பது அரிய செயலன்று. திரையில் கதை ஆங்கிலத்தில் ஓடினாலும், அதன்முன் நடக்கும் ஆலோசனை தமிழில் நடக்கலாம். 'நீ தடுத்து நில். நான் காயத்தை ஆற்றுகிறேன்' என்று சொல்லிப் பழகலாம். ஆட்டம் முடிந்தபின், அன்றைய போர் எவ்வாறு நடந்தது என்று பாட்டிக்குத் தமிழில் விளக்கலாம். அதனையே மறுநாள் ஐந்து வரிகளில் எழுதலாம். முதல் நாள் சொற்கள் தடுமாறும். தொடக்க நிலையில் உள்ள வீரனின் முதல் அடியும் அவ்வாறே தவறும்; அதற்காக எந்த நல்ல தலைவரும் அவனைக் குழுவிலிருந்து நீக்குவதில்லை. அடுத்த முறையும் அவனுக்கு வாய்ப்புக் கொடுப்பார்.